பண்டைய மெசப்பொத்தேமியாவில் வணிகமும் தெய்வ நம்பிக்கையும்: ஒரு சுமேரியக் காவியத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

உலக வரலாற்றை எடுத்துரைக்கும் நூல்களிலே பண்டைய நாகரிகங்களைப் பற்றிய இயல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பினையுடையனவாக இருத்தலைக் காணலாம். முதலில் ஆறு, பின்னர் நகரம், அதன்பின் அரசன், அதனையடுத்துப் ‘பொருளாதாரம்’ என்ற தலைப்பின்கீழ் வணிகம், இறுதியில் ‘சமயமும் கலையும்’. பரீட்சைக்குப் படிப்போர்க்கு இவ்வகுப்பு வசதியானதே. ஆயினும், வணிகத்தை ஓர் இயலிலும் வழிபாட்டைப் பிறிதோர் இயலிலும் படிக்கும் ஒருவர், அவ்விரண்டும் ஒரே முற்றத்தில், ஒரே மனிதரால், சில வேளைகளில் ஒரே களிமண் ஏட்டிலேயே நடைபெற்றன என்பதை அறியும் வாய்ப்பினை இழந்துவிடுகிறார்.

இத்தொடர்பினை விளக்க முற்படுவோரும் இருவகைத் தவறுகளுக்கு ஆளாகின்றனர். கீழைத்தேய மனிதன் ஆதியிலிருந்தே ஆன்மீக நாட்டமுடையவன், அவனது பொருளியல் வாழ்வு அந்நாட்டத்தின் பின்னே இழுபட்டது என்பது ஒருசாரார் கொள்கை. இதனை நாம் பலமுறை மறுத்துள்ளோம். இங்கு மீண்டும் மறுக்க வேண்டியதில்லை. இரண்டாவது தவறு நம்மவருடையது. சமயம் என்பது சுரண்டலை மறைப்பதற்குப் பூசகர் விரித்த திரை. திரையை விலக்கினால் அப்பால் வெறும் வணிகமும் வரியும் தெரியும் என்று கூறி அமைந்துவிடுதல் அது. இவ்வாறு கூறுவது பொருள்முதல்வாதம் போலத் தோன்றினும், ஒரு சமூகத்தின் உற்பத்தியும் பரிவர்த்தனையும் எவ்வடிவிலே ஒழுங்கமைந்தன என்ற அடிப்படை வினாவை அது கேட்பதேயில்லை. தென் மெசப்பொத்தேமியாவின் சான்றுகளை நோக்குமிடத்து, அங்கு தெய்வம் நிலவுடைமையாளனாகவும், கடன் கொடுப்போனாகவும், பத்திலொரு பங்கு பெறுவோனாகவும், வழக்கிலே சாட்சியாகவும் நடைமுறையில் இயங்கியமை புலனாகின்றது. திரையென்று நாம் கருதியது கட்டடத்தின் சுவர்களுள் ஒன்றாக இருந்திருக்கின்றது.

யூப்பிரட்டீஸ், தைகிரிஸ் நதிகளின் கீழ்நிலமாகிய சுமேரியா வண்டல் வளம் மிக்கது. வாற்கோதுமை, பேரீச்சை, மீன், ஆட்டு உரோமம், நாணல், களிமண் ஆகியவற்றுக்கு அங்கு குறைவில்லை. குறைவுற்றவை மூன்று: கட்டடக் கல், உலோகம், நெடிய மரம். களிமண்ணைச் சுட்டு அரிவாள் செய்த காலமொன்றும் அங்கு இருந்தது என்றால் இக்குறைபாட்டின் தன்மை விளங்கும். நீர்ப்பாசனத்தால் விளைந்த உபரித் தானியம் ஒருபுறம். அத்தானியத்தைப் பயிரிடவும், பங்கிடவும், காக்கவும், அதன்மீது அதிகாரம் செலுத்துவோரின் மேன்மையைக் காட்டவும் வேண்டிய பொருள்களெல்லாம் மலைநாடுகளிலும் கடலுக்கப்பாலும் கிடந்தமை மறுபுறம். கோர்டன் சைல்ட் ‘நகரப் புரட்சி’ என்று பெயரிட்டழைத்த மாற்றம் இம்முரண்பாட்டினுள்ளேதான் நிகழ்ந்தது.

தேவைக்குரிய பண்டங்கள் மட்டுமே வந்தன என்று எண்ணுதல் கூடாது. லேனாட் வூலி 1922 முதல் 1934 வரை உர் நகரிலே நடத்திய அகழ்வுகளில், ஏறத்தாழ கி.மு. 2600–2500 காலத்துக்குரிய அரச கல்லறைகள் வெளிப்பட்டன. அவற்றிலே பொன்னோடும் வெள்ளியோடும் லாபிஸ் லசூலி எனப்படும் கருநீல மணிக்கல்லும், சிந்து வெளியிலிருந்து சென்ற சூதுபவள மணிகளும் மிகுதியாகக் கிடைத்தன. கருநீலக்கல் வெட்டப்பட்ட இடமோ இன்றைய ஆப்கானிஸ்தானின் வடகிழக்கிலுள்ள பதக்‌ஷான் மலைகள். உரிலிருந்து 2000 கிலோமீற்றருக்கும் அப்பால். கல்லறைக் குழியொன்றில் மட்டும் 74 பேரின் எலும்புக்கூடுகள் வரிசையாகக் கிடந்தன. அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். பலர் பொன்னும் நீலக்கல்லும் அணிந்த நிலையிலே புதைக்கப்பட்டிருந்தனர். பதக்‌ஷான் கல்லின் பயணம் அக்குழியிலேதான் முடிவடைகின்றது.

அக்கல் எவ்வாறு வந்தது என்பதற்குச் சுமேரியர் தாமே ஒரு விடை கூறியுள்ளனர். ‘என்மெர்க்காரும் அரத்தாவின் தலைவனும்’ எனப் பெயரிடப்பட்டுள்ள காவியமே அது. அறுநூறு வரிகளுக்கு மேற்பட்ட இதனைச் சாமுவேல் நோவா கிரேமர் 1952இல் முழுமையாகப் பதிப்பித்தார். இன்று கிடைக்கும் பிரதிகள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் முற்பகுதியிலே பாடசாலை மாணவர் எழுதியவை. காவியமோ அதற்குச் சற்று முன்னர், உர் நகரின் மூன்றாம் அரசமரபு ஆண்ட காலத்தில் உருப்பெற்றதாகலாம். (சுமேரியரையும் தமிழரையும் சொல்லொப்புமை கொண்டு ஓரினமாக்கி மகிழ்வோர் நம்மிடையே உளர். அம்முயற்சிக்கு இக்கட்டுரையில் இடமில்லை. அந்நிய மக்களின் இலக்கியத்தை அந்நியமானதென்று ஏற்றுக்கொண்டே கற்பதில் இழுக்கொன்றுமில்லை.)

காவியத்தின் தொடக்கமே கவனிக்கத்தக்கது. கவிஞன் கதையை ஒரு குறித்த காலத்திலே நிறுத்துகிறான்: வணிகம் என்பது இன்னும் தோன்றாத காலம், பொன்னும் வெள்ளியும் செம்பும் வெள்ளீயமும் நீலக்கல்லும் மலையிலிருந்து இறக்கப்படாத காலம். ஆகவே, இது வணிகம் தோன்றிய கதையென்று கேட்போருக்கு முதலிலேயே உணர்த்தப்படுகின்றது. உறுக் நகரின் தலைவனாகிய என்மெர்க்கார், இனன்னா என்னும் பெண்தெய்வத்திடம் வரம் வேண்டுகிறான். ஏழு மலைகளுக்கு அப்பாலுள்ள அரத்தாவின் மக்கள் அவளது கோயிலுக்காகப் பொன்னும் வெள்ளியும் நீலக்கல்லும் கொணர்ந்து பணிபுரிதல் வேண்டும் என்பது அவ்வரம். அரத்தாவின் தலைவனும் இனன்னாவையே வணங்குபவன். தெய்வம் உறுக்கின் பக்கம் சாய்கிறாள். தூதன் மலை கடந்து செல்கிறான், ‘பணிக, இன்றேல் அழிவு’ என்பது அவன் சுமந்து செல்லும் செய்தி.

அரத்தாவின் தலைவன் பணிய மறுத்து ஒரு புதிர் போடுகிறான். சாக்கிலே கட்டாது வலையிலே நிரப்பித் தானியம் அனுப்பினால் உறுக்கின் மேன்மையை ஏற்பேன் என்கிறான். வலைக்கண்களூடாகத் தானியம் சிந்திவிடுமல்லவா? என்மெர்க்கார் முளைவிட்ட தானியத்தைக் கொண்டு வலைக்கண்களை அடைத்து, கழுதைகளின் மீதேற்றி அனுப்பி வைக்கிறான். அரத்தாவிலோ பஞ்சம். வந்த தானியம் முற்றத்திலே அளந்து குவிக்கப்படுகின்றது. அதன்பின்னும் புதிர்கள் தொடர்கின்றன. தூதன் மீண்டும் மீண்டும் ஏழு மலை கடக்கிறான். கதையின் இறுதியில், சிதைந்து எஞ்சியுள்ள வரிகளிலே, பொன்னையும் நீலக்கல்லையும் கொடுத்து மாற்றுவதே அரத்தா மக்களின் தொழிலென்றும், அவர்கள் அவற்றை இனன்னாவின் முற்றத்திலே குவிப்பரென்றும் விதிக்கப்படுகின்றது. அரத்தா எங்கிருந்தது என்று அகழ்வாளர் கண்டறிந்தாரில்லை. கவிஞனின் மனத்தில் மட்டும் இருந்த நாடாகவும் இருக்கலாம்.

இக்கதையைப் பொருளியற் கண்கொண்டு படிக்கையில் என்ன தெரிகிறது? தானியம் கிழக்கே செல்கிறது. கல் மேற்கே வருகிறது. உபரியுள்ள இடத்திலிருந்து பஞ்சமுள்ள இடத்துக்கு உணவும், அங்கிருந்து மாற்றாக மணிக்கல்லும் செல்லும் இந்நிகழ்வு எந்த மொழியிலும் பண்டமாற்றே. கழுதைகளின் எண்ணற்ற குளம்படிகளைக் கவிஞன் மறைக்கவில்லை. ஆனால் அவன் அதனைப் பண்டமாற்று என்று கூறவில்லை; தெய்வத்துக்குச் செலுத்தும் திறையென்கிறான். உறுக் அனுப்பும் தானியம் அறிவுத்திறத்தின் வெற்றி. அரத்தா அனுப்பும் கல் பக்தியின் கடமை. இருவர் நிகராக நின்று கொடுத்து வாங்கும் செயல் ஒருவர் மேலும் மற்றவர் கீழுமாக நிற்கும் செயலாக உருமாறிவிடுகின்றது. உர் மூன்றாம் அரசமரபின் மன்னர்கள் உறுக்கின் பழைய வீரர்களைத் தம் முன்னோரென்றும் கில்கமேஷைத் தம் உடன்பிறந்தானென்றும் கூறிக்கொண்டவர்கள். அவர்களது அவையில் இக்கதை பாடப்பட்டதாயின், அது யாருடைய நலன் சார்ந்து ஒலித்தது என்பதில் ஐயமில்லை. கில்கமேஷ் தேவதாரு வனத்துக்குச் சென்று மரம் வெட்டிய கதையும் இதே மரபினது. மரமில்லாத நாட்டின் தேவை அங்கு வீரமாகப் பாடப்படுகின்றது.

இதுவரை கூறியதோடு நின்றுவிடின் நாமும் ‘திரை’க் கொள்கையினராவோம். கவிஞன் திட்டமிட்டுப் பொய்யுரைத்தான் என்பதற்கில்லை. திறையும் பரிவர்த்தனையும் அவனுக்கு ஏன் ஒன்றாகத் தோன்றின என்பதே வினா. அதற்கு விடை காவியத்துக்கு வெளியே, கோயில் முற்றத்திலே கிடக்கிறது.

காவியத்தின் இன்னொரு செய்தி அம்முற்றத்துக்கு நம்மை இட்டுச் செல்லும். செய்தி நீண்டு தூதனின் நாவுக்குப் பாரமாகியபோது, என்மெர்க்கார் களிமண்ணைப் பிசைந்து அதில் சொற்களைப் பதித்தானாம். எழுத்து அவ்வாறு பிறந்ததாம். அரசனின் வாக்கைத் தூரதேசத்துக்கு எடுத்துச் செல்ல எழுத்துத் தோன்றியது என்பது கவிஞனின் கொள்கை. உறுக் நகரின் மண்ணோ வேறு கூறுகின்றது. இனன்னாவின் கோயிலாகிய எ-அன்னா வளாகத்தில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 3300–3000 காலத்துக்குரிய ஐயாயிரம் வரையிலான ஏடுகளிலும் துண்டுகளிலும் கடிதம் இல்லை, காவியம் இல்லை, துதிப்பாடலும் இல்லை. மிகப் பெரும்பாலானவை கணக்குகள்: இத்தனை ஆடு, இத்தனை அளவு வாற்கோதுமை, இன்னாரிடம் கொடுத்தது. எஞ்சியவை எழுதப் பழகுவோருக்கான சொற்பட்டியல்கள். அதற்கும் முன்னர், பல ஆயிரம் ஆண்டுகளாகச் சிறு களிமண் உருக்களை எண்ணிக்கைக்குப் பயன்படுத்திய வழக்கிலிருந்தே இவ்வெழுத்துக் கிளைத்தது என்று டெனீஸ் ஷ்மாண்ட்-பெசெரா விரிவாக வாதிட்டுள்ளார். அவரது வாதத்தின் எல்லா விவரங்களும் ஏற்கப்படவில்லையாயினும், கணக்கு முந்தியது, இலக்கியம் பிந்தியது என்பதிலே கருத்து வேறுபாடு இல்லை. சுமேரிய இலக்கியம் என்று சொல்லத்தக்க ஏடுகள் கிடைப்பது கி.மு. 2600 அளவிலேதான். கணக்கன் கண்டுபிடித்த கருவியை எழுநூறு ஆண்டுகளின் பின் புலவன் எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டபின் அதற்குத் தானே ஒரு பிறப்புக் கதையும் புனைந்தான். இலக்கிய மாணவராகிய நாம் இதற்காக நாணவேண்டியதில்லை. எனினும் நினைவிற் கொள்ளல் நன்று.

அந்த ஏடுகளிலே ஓர் எழுத்துண்டு. மனிதத் தலையும் அதனருகே ஒரு கிண்ணமுமாக வரையப்பட்ட அது, உணவு வழங்குதலைக் குறிக்கும். அதே காலத்து மண்ணிலே, அச்சிலே அழுத்திச் செய்யப்பட்ட சாய்ந்த விளிம்புடைய முரட்டுக் கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. வேலை செய்தோருக்கு உணவு அளந்து கொடுத்த கிண்ணங்கள் இவை என்பது பலரும் ஏற்கும் விளக்கம். நமது மொழியிலே கடவுளைப் ‘படியளப்பவன்’ என்று கூறும் வழக்குண்டு. சுமேரிய உழைப்பாளிக்கு அது உருவகமாக இருந்திருக்க முடியாது. தெய்வத்தின் வீட்டிலிருந்து, தெய்வத்தின் களஞ்சியத்துத் தானியம், தெய்வத்தின் கணக்கன் குறித்துக்கொள்ள, மாதந்தோறும் படியாக அளக்கப்பட்டது. பிற்காலத்தில், கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் இறுதியிலே, ஆண் ஒருவனுக்கு மாதம் 60 சிலாவும் பெண்ணுக்கு 30 சிலாவும் வாற்கோதுமை என்பது வழக்கமான அளவு. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லீற்றர்.

இக்கோயில்களே நகரத்தின் நிலம் முழுவதையும் உடைமையாகக் கொண்டிருந்தன என்று முன்னர் நம்பப்பட்டது. லகாஷ் அரசின் கிர்சு நகரிலே கிடைத்த பாவு என்னும் பெண்தெய்வத்தின் மனைக்குரிய ஏடுகளை ஆராய்ந்த அன்ரன் டெய்மல் என்ற இயேசுசபைத் துறவி, 1930ஆம் ஆண்டளவில் ‘கோயில் அரசு’ என்ற கருத்தை நிலைநிறுத்தினார். வியப்புக்குரிய வகையில், ஆசிய உற்பத்தி முறை பற்றிப் பேசிய நம்மவர் சிலருக்கும் அக்கருத்து உவப்பாயிருந்தது. தனியுடைமை இல்லை, யாவும் கோயிலுக்கு, கோயிலே அரசு என்ற சித்திரம் சூத்திரத்துக்கு நன்கு பொருந்தியது. 1950களில் சோவியத் அறிஞர் ஈகோர் தியாக்கனோவ் இதனை மறுத்தார். கோயில் நிலம் நாட்டின் ஒரு பகுதியே. அதற்கு வெளியே குடும்பங்களும் குலக்குழுக்களும் வைத்திருந்த, விற்கவும் வாங்கவும் பட்ட நிலம் இருந்தது என்று காட்டினார். பின்வந்த ஆய்வுகளும் டெய்மலின் சித்திரத்தைத் தளர்த்தியுள்ளன. மார்க்சியர் ஒருவர், மார்க்சியருக்கு வசதியாயிருந்த முடிவொன்றைச் சான்று கொண்டு தகர்த்தமை நாம் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகும்.

உடைமை யாருடையது என்ற வினா அக்காலத்தவர்க்கே எரியும் பிரச்சினையாக இருந்தது. கி.மு. 2350 அளவில் லகாஷை ஆண்ட உருஇனிம்கினா (பழைய நூல்களில் உருக்ககினா) வெளியிட்ட சாசனம் இதற்குச் சான்று. முன்னைய ஆட்சியாளர் தெய்வத்தின் எருதுகளைப் பூட்டித் தம் வெங்காயப் பாத்திகளை உழுவித்தனர் என்று அது குற்றஞ்சாட்டுகின்றது. பிணத்தை அடக்கம் செய்யக் கொணர்ந்த குடும்பத்திடம் 7 சாடி மதுவும் 420 அப்பமும் ஏனையவும் வாங்கப்பட்டனவாம். மன்னன் அதனை 3 சாடியாகவும் 80 அப்பமாகவும் குறைத்தான். ஆட்சியாளரின் மனையும் வயலும் நிங்கிர்சு தெய்வத்துக்கும், அரசியின் மனையும் வயலும் அவன் துணைவி பாவுக்கும் மீட்டளிக்கப்பட்டன. ‘பெண்ணின் மனை’ எனப்பட்ட நிறுவனம் ‘பாவுவின் மனை’யாயிற்று. ஆயினும் பெயர் மாறியபின் எழுதப்பட்ட கணக்கேடுகளைப் பார்த்தால், மனையை நடத்துபவள் புதிய மன்னனின் மனைவியே! இச்சாசனத்தை ஏழைகளின் புரட்சியென்று கொண்டாடியோரும் உளர். வெறும் அரசதந்திரம் என்று ஒதுக்கியோரும் உளர். நமக்கு முக்கியமானது வேறு. அதிகாரத்தை எதிர்த்துக் குரலெழுப்பவும் தெய்வத்தின் உடைமையுரிமை என்ற மொழியே வேண்டியிருந்தது. ஆள்வோரின் கருத்துநிலை ஆளப்படுவோரின் முறைப்பாட்டுக்கும் மொழியாகிவிடுகின்றது. அதன் வலிமையும் ஆபத்தும் அங்கேதான் உள.

இனி, அரத்தாவுக்குச் சென்றதாகக் காவியம் கூறும் தானியத்தைவிட உண்மையான வணிகத்தில் முக்கியமாயிருந்த பண்டமொன்றைக் கவனித்தல் வேண்டும். அது கம்பளித் துணி. கனமான தானியத்தைக் கழுதைமேல் நெடுந்தூரம் கொண்டுசெல்வது கட்டுபடியாகாது. துணியோ எடை குறைந்தது, விலை கூடியது. அத்துணியை நெய்தவர்கள் பெண்கள். உர் மூன்றாம் அரசமரபுக் காலத்தில் லகாஷ் மாகாணத்தின் நெசவுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் தம் குழந்தைகளுடன் வேலை செய்தமையை ஏடுகள் காட்டுகின்றன. அவர்களிற் போர்க்கைதிகளாகக் கொணரப்பட்டோரும், வறுமையாலோ நேர்த்தியாலோ கோயிலுக்கு ஒப்படைக்கப்பட்டோரும் இருந்தனர். காவியத்தில் இவர்களுக்கு இடமில்லை. கணக்கேட்டில் உண்டு: பெயர், 30 சிலா, பெயர், 30 சிலா, ஓரிடத்தில் ‘இறந்தாள்’ என்ற குறிப்பு. பண்டைய இலக்கியத்தில் உழைப்போர் இல்லையென்று குறைகூறும் நாம், இலக்கியமல்லாத ஏடுகளைப் படிக்கவும் பழகவேண்டும்.

கடல்வழி வணிகத்தில் தெய்வத்தின் பங்கு இன்னும் தெளிவானது. தில்முன் (இன்றைய பஹ்ரேன்), செம்பு விளைந்த மகான் (ஓமான்), மெலுக்கா (சிந்து வெளி) ஆகிய நாடுகளின் கப்பல்கள் தன் நகரின் துறையிலே கட்டப்பட்டதாக அக்காத் மன்னன் சார்கோன் பெருமை கொள்கிறான். மெலுக்கா மொழிபெயர்ப்பாளன் ஒருவனின் உருளை முத்திரை பாரிசின் லூவர் நூதனசாலையில் உள்ளது. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் தொடக்கத்தில் தில்முனுக்குச் சென்று மீண்ட உர் நகர வணிகர், நிங்கால் என்னும் பெண்தெய்வத்தின் கோயிலுக்குச் செம்பிலும் மணிகளிலும் ஒரு பங்கு செலுத்தினர். வெள்ளியாற் செய்த சிறு படகுகளையும் காணிக்கையாக வைத்தனர். நேர்த்திக்கடனா, வரியா என்று கேட்டால் அவர்களுக்கு வினாவே விளங்கியிராது.

அவ்வணிகருள் ஒருவன் ஏஆ-நாசிர். கி.மு. 1750 அளவில், நன்னி என்பவன் அவனுக்கு அனுப்பிய ஏடு இப்போது பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. தரமான செம்பு தருவதாகச் சொல்லிக் கழிவுச் செம்பைக் காட்டினாய், என் ஆட்களை அவமதித்தாய் என்ற அதன் கோபம் இன்று பலருக்கும் வேடிக்கையாகத் தெரிந்த செய்தி. ஆனால் வேடிக்கை பார்ப்போர் கவனியாத வரியொன்று அதிலுண்டு. தாங்கள் இருவரும் முத்திரையிட்டு எழுதிய ஏடு ஷமாஷ் தெய்வத்தின் கோயிலில் வைக்கப்பட்டிருப்பதை நன்னி நினைவூட்டுகிறான். சூரிய தெய்வமாகிய ஷமாஷ் நீதியின் தெய்வம், யாவற்றையும் காண்பவன். கள்ளத் தராசு பிடிக்கும் வணிகனை அவன் தண்டிப்பான் என்பது அவனது பெருந்துதியின் பொருள்களுள் ஒன்று. அதே ஷமாஷின் கோயில்கள் சிப்பார் முதலிய நகரங்களிலே வெள்ளியும் தானியமும் கடனாகக் கொடுத்தன. பழைய பாபிலோனியக் காலத்தில் வெள்ளிக்கு நூற்றுக்கு 20, தானியத்துக்கு மூன்றிலொரு பங்கு என்பது வழக்கமான வட்டி. துதியும் வட்டியும் ஒரே முகவரியில் குடியிருந்தன.

சரக்குப் பரிவர்த்தனை சமுதாயங்களின் உள்ளே தோன்றாமல், ஒரு சமுதாயம் இன்னொன்றைச் சந்திக்கும் எல்லையிலே தோன்றுகின்றது என்பது ‘மூலதன’த்தின் முதற்பாகத்தில் மார்க்ஸ் கூறுவது. அவ்வெல்லையில் நிற்போரிடையே உறவுமுறை கிடையாது. அத்தான் மச்சான் என்று விட்டுக்கொடுக்க முடியாது. இரு ஊரையும் ஒருங்கே ஆளும் மன்னனும் இல்லை. சொன்ன சொல் பிறழ்ந்தால் யாரிடம் முறையிடுவது? மலை கடந்து போனவன் திரும்பி வருவான் என்பதற்கு எது பிணை? இவ்விடத்திலே மூன்றாவது ஆள் ஒருவன் வேண்டியவனாகின்றான்: சாகாதவன், நகராதவன், பொருளுள்ளவன், பொய்ச்சத்தியத்தைப் பொறாதவன். அரத்தாவும் உறுக்கும் ஒரே இனன்னாவை வணங்கியதாகக் கவிஞன் அமைத்தமை தற்செயலன்று. பரிவர்த்தனைக்குப் பொதுத் தெய்வம் தேவை என்பதைக் கதையின் அமைப்பே ஒத்துக்கொள்கின்றது.

இவ்வுண்மை முழு வெளிச்சத்தில் தெரிவது இன்னும் வடக்கே, அஷூர் நகரத்து வணிகரின் கடிதங்களில். துருக்கியின் கய்சேரிக்கு அண்மையிலுள்ள கூல்தெப்பே என்ற மேட்டில், பண்டைக் கனேஷ் நகரின் வணிகர் குடியிருப்பிலிருந்து 20,000க்கு மேற்பட்ட ஏடுகள் கிடைத்துள்ளன. 1925இல் பெட்றிச் ஹிறோஸ்னியும், 1948 முதல் தாசின் ஓஸ்குச்சும் அங்கு அகழ்ந்தனர். கி.மு. 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரும்பாலான அவ்வேடுகள் கோயிலுக்கோ அரண்மனைக்கோ உரியனவல்ல. தனி வணிகரின் வீட்டுப் பெட்டகங்களில் இருந்தவை. அஷூரிலிருந்து கனேஷுக்கு ஏறத்தாழ 1000 கிலோமீற்றர். கழுதைக் கூட்டம் ஆறு கிழமையில் கடக்கும். கொண்டுசென்றவை வெள்ளீயமும் துணியும். கொண்டுவந்தவை வெள்ளியும் பொன்னும். அஷூரில் ஒரு சேக்கல் வெள்ளிக்கு 13 முதல் 15 சேக்கல் வரை வெள்ளீயம் வாங்கலாம். அனத்தோலியாவில் 6 முதல் 8 சேக்கல் கொடுத்தாலே அந்த வெள்ளியைப் பெறலாம்.

பண்டைய உலகில் இலாபநோக்குடைய வணிகமும் ஏறியிறங்கும் விலையும் இருந்ததில்லை, யாவும் நிர்வாக ஏற்பாடே என்று கார்ல் பொலானி 1957இல் இவ்வேடுகளையும் துணைக்கழைத்து வாதிட்டார். முதலாளித்துவத்தின் விதிகளை மனித இயல்பாக்கும் பொருளியலாளருக்கு எதிராக அவர் எழுதியவற்றை நாம் மதிக்கிறோம். ஆனால் கனேஷ் ஏடுகள் அவருக்குச் சாதகமாக இல்லை. விலை இறங்கிவிட்டது, பொறுத்து விற்க என்றும், சுங்கச்சாவடியைத் தவிர்க்கக் கள்ளவழியால் அனுப்புக என்றும் எழுதும் வணிகர் நிர்வாக ஊழியரல்லர்.

அப்படியானால் தெய்வம் இங்கு விலகிவிட்டதா? நகரின் பெயரும் தெய்வத்தின் பெயரும் ஒன்றே: அஷூர். அஷூரே மன்னன், ஆள்பவன் அவனது முகவன் மட்டுமே என்று அந்நகரத்து முத்திரை கூறுகின்றது. வழக்கிலே சத்தியம் செய்வோர் அஷூரின் உடைவாளின் முன் செய்தனர். வணிகர் தம் முதலில் ஒரு பகுதியைத் தெய்வத்துக்கென நேர்ந்து, அந்நேர்த்திப் பொருளையே வணிகத்தில் ஈடுபடுத்தினர். ஆகவே, தெய்வத்தின் பணமும் கழுதை முதுகிலேறி மலை கடந்தது. கோயில் இப்போது எல்லாவற்றுக்கும் உடைமையாளன் என்ற நிலையிலிருந்து பங்காளிகளுள் ஒருவன் என்ற நிலைக்கு வந்துள்ளது. உற்பத்தி உறவு மாறியது. தெய்வமும் அதற்கேற்பத் தன் தொழிலை மாற்றிக்கொண்டது.

இம்மாற்றத்தின் சுமையை உணர்ந்து எழுதியோர் பெண்களே. அஷூரில் இருந்துகொண்டு துணி நெய்தும் நெய்வித்தும் அனுப்பிய மனைவியரும் சகோதரியரும் கனேஷிலுள்ள ஆண்களுக்கு எழுதிய கடிதங்கள் பல கிடைத்துள்ளன. கோயில் நெசவுக்கூடத்துப் பெண்ணுக்கு இல்லாத குரல் இவர்களுக்கு இருக்கிறது. தாம் அனுப்பிய துணிக்குரிய வெள்ளி வரவில்லையென்று கேட்கிறார்கள். ஒரு கடிதத்தில் இரு பெண்கள், குறிகேட்டதாகவும், நீ வெள்ளியை நேசித்து உயிரை வெறுக்கிறாய் என அஷூர் எச்சரிப்பதாகவும் எழுதி, ஊர் திரும்பித் தெய்வத்தைச் சாந்தப்படுத்துமாறு வேண்டுகின்றனர். வணிகத்தின் பிணையாக நிற்கும் அதே தெய்வம் இங்கு வணிகத்துக்கு எதிராகப் பேசுகின்றது. பேசவைப்பவர்கள் தனித்துவிடப்பட்ட பெண்கள்.

புஷு-கேன் என்ற பெருவணிகனுக்கு அவன் மனைவி லமாசி எழுதியவற்றுள் ஒன்றில், மகள் வளர்ந்துவிட்டாள், வந்து அவளை அஷூரின் மடியில் வைத்து உன் தெய்வத்தின் பாதத்தைப் பற்று என்ற வேண்டுகோள் காணப்படுகின்றது. அம்மகள், அஹாஹா என்பவள், தெய்வத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டாள். தந்தை இறந்தபின் அவள் தன் சகோதரருக்கு எழுதிய கடிதங்களும் கிடைத்துள்ளன. அவற்றில் அவள் கேட்பது, கூட்டு வணிகமொன்றில் இட்ட முதலுக்குத் தனக்கு வரவேண்டிய வெள்ளியைத்தான்.